வைரல் லோடு கூடியும் மாத்திரையை ஏன் மாற்றவில்லை?

கேள்வி: எச்ஐவி இருக்கும் அண்ணன் மூன்று வருடமாக ஏஆர்டி மையத்தில் (எச்ஐவிக்கு அரசு மருந்து தரும் இடம்) டிஎல்டி மாத்திரை (மூன்று எச்ஐவி மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை) வாங்கிச் சாப்பிடுகிறார். இப்போது வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) 4,200. மருந்தை மாற்றாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் என்கிறார்கள். நாங்களே வெளியில் வேறு மருந்து வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இருக்கிற மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

வைரல் லோடு ஆயிரத்தைத் தாண்டினால் மருந்து தோற்றுவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது. டிஎல்டியில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்துக்கு வைரஸ் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அதாவது மருந்து வேலை செய்யாமல் போய்விடாது. பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் உடம்பில் சரியாகச் சேர்ந்திருக்காது. அண்ணன் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஏதாவது சேர்த்து எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இவை டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. டிஎல்டி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இவற்றை எடுக்க வேண்டும், முன்னால் எடுத்துவிட்டால் டிஎல்டிக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டிபிக்கு ரிஃபாம்பிசின் ஓடினால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தேவை. இதையெல்லாம் மறைக்காமல் கவுன்சிலரிடம் சொல்லச் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று பயந்து "தினமும் போடுகிறேன்" என்று சொல்வதால்தான் பலருக்குத் தேவையில்லாமல் மருந்து மாறுகிறது.

அப்படி மாறினால் என்ன? அடுத்த வரிசையில், அதாவது முதல் மருந்து தோற்றபின் தரும் இரண்டாம் வரிசை மருந்தில், மாத்திரை கூடும், பக்கவிளைவும் கூடும், அரசுத் திட்டத்தில் அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் வழிகளும் கொஞ்சம்தான். எந்த மருந்துக்கு வைரஸ் பழகியிருக்கிறது என்று காட்டும் மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை, அதனால் மறு டெஸ்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதுவும் ஆயிரத்துக்கு மேல் வந்தால் கோப்பு மாநில நிபுணர் குழுவுக்குப் போகும். 2008ல் இரண்டாம் வரிசை மருந்து தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் மட்டும்தான் தொடங்கியது. இன்று அந்த நிலை இல்லை, ஆனாலும் சில ஊர்க்காரர்கள் அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரிய மையத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

மூன்று மாதம் காத்திருப்பது சரி, அதற்கு மேல் இழுத்தால் சும்மா இருக்காதீர்கள். மறு டெஸ்ட் தேதியைப் பச்சைப் புத்தகத்தில் (மையம் தரும் சிகிச்சைக் குறிப்பேடு) எழுதி வாங்குங்கள், ரிசல்ட் வரவில்லை என்றால் மெடிக்கல் ஆபீசரிடமே கேளுங்கள், அங்கேயும் பதில் இல்லையென்றால் எச்ஐவி உதவி எண்ணான 1097க்கு இலவசமாகப் பேசலாம். நடுவில் காய்ச்சலோ, எடை குறைவதோ, விடாத இருமலோ வந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.