தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் வலி, தூக்கமில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறோம். 62 வயது அப்பாவுக்குக் கிழிந்த தோள் தசைநாரைச் சேலத்தில் தைத்துக்கொண்டு வந்து நாலு நாள் ஆகிறது. பகலில் சமாளிக்கிறார், ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். இன்னும் பவரான மாத்திரை கேட்கலாமா?

பதில்: மாத்திரையை மாற்றும் முன் அவர் எப்படிப் படுக்கிறார் என்று பாருங்கள். சமமாக மல்லாந்தால் முழங்கை தோளைவிடத் தாழ்ந்து பின்பக்கம் இறங்கிவிடும். தைத்த இடம் இழுபடும். எவ்வளவு பவரான மாத்திரை போட்டாலும் இந்த இழுப்பு நிற்காது.

முதுகு 30 முதல் 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, இடுப்பிலிருந்து தலைவரை இடைவெளி விழாமல் தலையணைகளைச் சரிவாக அடுக்குங்கள். முழங்காலுக்கு அடியிலும் ஒன்று வேண்டும், இல்லையென்றால் நடுராத்திரிக்குள் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். பலரும் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில்: மேல்கைக்கும் முழங்கைக்கும் அடியில் மடித்த போர்வை. படுத்தபடி பார்த்தால் அவர் முழங்கை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு மடிப்பு வையுங்கள். ஸ்லிங் (கையைத் தாங்கும் கழுத்துப்பட்டை) தூக்கத்திலும் இருக்கட்டும். பொதுவாக 4 முதல் 6 வாரம், சரியான கணக்கைச் சர்ஜன் சொல்வார். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும், வேண்டாம். பாயும் வேண்டாம், எழும்போது கை தன்னையறியாமல் ஊன்றிவிடும். ஈசிசேர் இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்கு அதுவே நல்லது, எழ உதவ மட்டும் ஆள் வேண்டும்.

படுக்கப்போகும் முன் 15, 20 நிமிடம் ஐஸ். துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும், கட்டு நனையக் கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரர் எண்ணெய் போட்டு நீவச் சொல்வார். தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி கொடுங்கள். கடைசி வேளை படுக்க முக்கால் மணி நேரம் முன்பு வருமாறு அமைத்துக்கொள்ளலாம். சீட்டில் டிரமடால் என்ற பவரான வலி மருந்து கலந்த மாத்திரை இருந்தால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கும். மூன்று வேளைக்கு அதுவே 975 மி.கி.; அதோடு டோலோ 650 (அதுவும் பாராசிட்டமால்தான்) நான்கு என்றால் 3,575. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 தான். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் குறைவு, டாக்டரிடம் கேளுங்கள். டிரமடாலோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மலச்சிக்கலும் வரும், களியோடு கீரைக் கடைசல், நிறையத் தண்ணீர். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை, சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவருக்கு ஆபத்து.

ஆபரேஷனுக்கு இனிமேல் போகிறவர்களுக்கு ஒன்று: கழுத்தில் போடும் மரமரப்பு ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் இறங்கும், அதுவும் திடீரென்று. மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும்.

விரல், மணிக்கட்டை மணிக்கொருமுறை மடக்கி நீட்டட்டும். தோளை அசைக்கும் பயிற்சி சர்ஜன் சொன்ன பிறகுதான்.

101 டிகிரி காய்ச்சல், தையலில் சீழ், விரல் நீலமாவது, குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராக. சேலம் வரை காத்திருக்க வேண்டாம்.