"ஐ டவுட்" என்று சொல்லி நான் மாட்டிக்கொண்ட கதை

தங்கச்சி, இங்கிலாந்தில் லீட்ஸ் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வார்டு சிஸ்டர் (வார்டின் தலைமை நர்ஸ்) "யூ மைட் வாண்ட் டு செக் தட் ட்ரிப்" என்றதை ஏதோ அவர் அபிப்பிராயம் என்று நினைத்து விட்டுவிட்டேன், திட்டு விழுந்தது, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியும் இவர்கள் பேச்சு பிடிபடவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அது உத்தரவுதாம்மா. "இஃப் ஐ வர் யூ" என்று ஆரம்பித்தாலும் அப்படித்தான். கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இது பரவாயில்லை, திட்டோடு போச்சு. நாம் சொல்வது அவர்களுக்குத் தலைகீழாகப் புரிந்தால்தான் ஆபத்து. நான் வந்த புதிதில் இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், சிறுநீரும் கலங்கலாக இருந்தது. காலையில் டாக்டரிடம் "ஐ டவுட் ஷி ஹாஸ் அன் இன்ஃபெக்ஷன்" என்றேன். இன்ஃபெக்ஷனோ என்று டவுட்டாக இருக்கிறது என்று நம் ஊரில் சொல்வோமே, அதே நினைப்பில். அவர் "ஓ, குட்" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நானும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். அன்று இரவு டியூட்டிக்கு வந்தால் பாட்டிக்கு 39 டிகிரி காய்ச்சல், நோட்ஸில் "இன்ஃபெக்ஷன் இருக்க வாய்ப்பில்லை என்று நர்ஸ் கருதுகிறார்" என்று எழுதியிருக்கிறது! ஆன்டிபயாடிக் போட்டு பாட்டி தேறிவிட்டார், நான் தேறத்தான் ரொம்ப நாள் ஆனது.

இங்கே "ஐ டவுட்" என்றால் இருக்காது என்று நினைக்கிறேன் என்று பொருள். இருக்குமோ என்று தோன்றினால் "ஐ சஸ்பெக்ட்". தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம். அப்புறம் சிஸ்டரிடம் போய் "ஐ ஹேவ் எ டவுட்" என்று நிற்காதீர்கள், அவரை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார். "கொஸ்டின்" என்று சொல்லுங்கள்.

இல்லை என்பதை எங்கே வைப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. "இன்று வீட்டுக்குப் போக மாட்டார் என்று நினைக்கிறேன்" என்பதை அப்படியே "ஐ திங்க் ஹி வோன்ட் கோ" என்று சொல்வோம். தப்பில்லை, ஆனால் காதில் கொஞ்சம் கறாராக விழும். இவர்கள் "ஐ டோன்ட் திங்க் ஹி வில்" என்பார்கள். அதைத் தமிழில் "போவார் என்று நினைக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்களேன், ஆள் போயே போய்விட்டார், நான்தான் எதிர்பார்க்கவில்லை என்று ஆகிவிடும்!

"ஐ சப்போஸ் ஸோ" என்றால் அரை மனதுச் சம்மதம். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று ஆரம்பித்தால் யாரும் பயப்படவில்லை, நீங்கள் கேட்ட லீவு கிடைக்காது. உங்கள் லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் பக்கத்துப் பெரியவர்கள் "ஐ ரெக்கன்" என்பது நம் "என் கணக்குக்கு" மாதிரி. உங்கள் வேலையை "கொய்ட் குட்" என்றால் ரொம்பத் துள்ள வேண்டாம், சுமார்தான்.

புரியாவிட்டால் வெட்கப்படாமல் "டு யூ வாண்ட் மீ டு டு இட் நவ்?" என்று கேட்டுவிடுங்கள். நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது "இஃப் யூ வுடன்ட் மைண்ட்" என்று பதில் வந்தது. அதற்கும் "ஆமாம், இப்பவே" என்றுதான் அர்த்தம்.