லண்டனை விட்டு டெர்பிஷயர் கிராமம் ஒன்றுக்குக் குடிபோகிறோம். ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

உங்கள் கேள்வியின் கடைசியில் "யாரும் வந்து பேசாவிட்டால் என் மனைவி தவித்துப்போவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படித் தவித்தவள் நான்.

நான் நர்ஸ். சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நான்கு வருடம் இருந்தோம். வாசலைத் தாண்டினால் தோசை மாவு, நடக்கும் தூரத்தில் முருகன் கோவில். கணவருக்கு வேலை மாறியதால் 2015 நவம்பரில் டெர்பிஷயரில் ஒரு கிராமத்துக்கு வந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சின்ன ஊர், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா ஆங்கிலேயக் கிராமமும் இப்படித்தான் என்றும் சொல்ல வரவில்லை. கென்ட்டிலோ நார்ஃபோக்கிலோ இருப்பவர்கள் "எங்கள் ஊரில் அப்படியில்லையே" என்று சண்டைக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஓர் ஊர்தான்.

நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். கருங்கல் மாதிரி சாம்பல் நிற வீடுகள், எல்லா ஜன்னலிலும் திரை. வந்த வாரத்திலேயே கேசரி கிண்டி ஒரு டப்பாவில் போட்டு பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், கதவைச் சாத்திவிட்டார். இரண்டு நாள் கழித்து டப்பா என் வாசலில் இருந்தது. பளபளவென்று கழுவி, உள்ளே ஒரு நன்றி அட்டை. வேறெதுவும் இல்லை. நம் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அன்றைக்கு நான் அழுதேன். இப்போது அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால், கை நடுங்கும் வயதில் ஒருவர் உட்கார்ந்து நான்கு வரி எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

இரண்டரை வருடம் இப்படியே போனது. பார்த்தால் சிரிப்பார்கள், "அய் அப் மி டக்" என்பார்கள். நம்ம பக்கம் "என்ன தாயி" என்று கேட்கிற மாதிரிதான் அது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள். அதோடு சரி. யாரும் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். என் தப்பு அதுதான் என்று பின்னால் புரிந்தது. நம் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் பத்துப் பேர் வந்து எந்த ஊர், என்ன ஆட்கள், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிடுவார்கள். இங்கே அப்படி விசாரிப்பது மரியாதைக் குறைவு. உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. அழைப்பு வாசலுக்கு வராது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். நான் தினமும் பஸ்ஸுக்கு நின்றபடி அதைப் படித்தேன். அது எனக்கும் சேர்த்துத்தான் எழுதியது என்று தோன்றவே இல்லை.

2018 ஜூனில் ஒரு நாள் அந்தப் பலகையில் கையால் எழுதிய தாள் ஒன்று: பூவிதழ் ஒட்ட ஆட்கள் தேவை, அனுபவம் வேண்டாம், கத்தரிக்கோல் கொண்டு வரவும், காலை பத்திலிருந்து இரவு பத்துவரை.

டெர்பிஷயருக்கு வருகிறீர்கள், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஊர்க் கிணறுகளையும் ஊற்றுகளையும் வருடத்துக்கு ஒரு முறை பூவால் அலங்கரிப்பார்கள். வெல் டிரெஸ்ஸிங் என்று பெயர். மே மாதம் தொடங்கி செப்டம்பர்வரை ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வாரம். டிஸ்ஸிங்டன் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. ஈஸ்டர் முடிந்து வரும், இயேசு விண்ணேறிய நாளான அசென்ஷன் வியாழனன்று அங்கே ஆறு கிணறுகளுக்கு அலங்காரம். 1348-49 கொள்ளைநோயில் சுற்றுவட்டாரமே சாக, நல்ல தண்ணீரால் அந்த ஊர் பிழைத்தது என்று ஒரு கதை. 1615 வறட்சியில் அந்த ஊர்க் கிணறுகள் மட்டும் வற்றவில்லை, அந்த நன்றிக்குத்தான் என்று இன்னொரு கதை. எது நிஜமோ, தண்ணீருக்குப் பூ வைப்பது எனக்குப் புதிதில்லை. ஆடி பதினெட்டுக்கு அம்மாவோடு வைகைக் கரையில் நின்று வளர்ந்தவள் நான்.

இந்த அலங்காரம் செய்வது ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பலகைகளில். களிமண் பிடித்துக்கொள்ள அவற்றில் நூற்றுக்கணக்கில் ஆணி அடித்திருப்பார்கள். பலகையை முதலில் நாள்கணக்கில் குளத்தில் ஊறப்போடுவார்கள், இல்லாவிட்டால் மண்ணின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். களிமண்ணில் தண்ணீரும் உப்பும் சேர்த்து, பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் காலால் மிதித்துக் குழைப்பார்கள். உப்பு, மண் சீக்கிரம் காயாமல் இருக்க. அதைப் பலகையில் அப்பி வழித்து, மேலே படம் வரைந்த தாளை வைத்துக் கோடுகளை ஊசியால் குத்துவார்கள். தாளை எடுத்தால் மண்ணில் புள்ளிப் புள்ளியாகப் படம் இருக்கும். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்தப் புள்ளிகளின் மேல் ஆல்டர் மரத்தின் கறுத்த சின்னக் காய்களை வரிசையாக அழுத்திக் கோடு கட்ட வேண்டும். அப்புறம் பாசி, இலை, விதை எல்லாம். சீக்கிரம் வாடும் என்பதால் பூவிதழ் கடைசியில்தான்.

பூ என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகையும் கனகாம்பரமும் போட்ட குடும்பம். ஆறு வயதில் சரம் கட்டக் கற்றவள். ஆனால் போனதும் என் கையில் கொடுத்தது ஆல்டர் காய் டப்பா. நாள் முழுக்கக் காய் அழுத்தினேன். மறுநாள் சாயங்காலம்தான் ஹைட்ரேஞ்சா இதழ் தந்தார்கள், ஒரு நீல வானத் துண்டை நிரப்பச் சொல்லி. வேகமாக மூன்று வரிசை வைத்தேன். மேலிருந்து கீழாக. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பக்கத்தில் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் மூன்று வரிசையையும் பிடுங்கி எடுத்தார். "கீழேயிருந்து, டக்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. அத்தனை பேர் முன்னால். கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். நிறம் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறாரோ என்றும் ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்கவில்லை. எதிர்ப் பலகையில் பார்த்தால் எல்லோரும் கீழேயிருந்துதான் மேலே போகிறார்கள், ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் மேல் கொஞ்சம் படியும்படி. அப்போதுதான் உறைத்தது. மழை! பலகை ஒரு வாரம் திறந்தவெளியில் நிற்கப்போகிறது. தாத்தா வீட்டில் ஓடு மாற்றும்போது இறவானத்தில் தொடங்கித்தான் முகட்டுக்கு ஏறுவார்கள், தண்ணீர் வழிந்து ஓட. எனக்குத் தெரிந்த விஷயம்தான். பூவோடு சேர்த்து யோசிக்கவில்லை. மறுபடி வைத்தேன், கீழேயிருந்து. இரவு ஒன்பதரைக்குப் பாட்டி தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை டீ ஊற்றினார். அந்த வாரம் நான்கு நாள் மழை. என் வானம் அப்படியே நின்றது.

அடுத்த வருடம் மே மாதம் வில்லேஜ் ஹாலில் டீ போடும் முறைப்பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அதில், யாரும் என்னைக் கேட்காமலேயே, என் பெயர் இருந்தது. எழுத்துப்பிழையோடுதான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. கேட்டிருந்தால் நான் விருந்தாளி. கேட்காமல் போட்டதால் ஊர்க்காரி.

"இது கிறிஸ்தவச் சடங்கு, இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்க ஒருவர் வருவார், தெரியும். பாதிரியார் வந்து கிணற்றை ஆசீர்வதிப்பார், பேண்ட் வாசிப்பார்கள், பைபிள் காட்சிகளும் பலகையில் வரும். நான் கைகூப்பி நிற்பேன். என் குலதெய்வம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

இனவெறி இல்லையா என்று கேட்டால், இருந்தது. நான் பூ ஒட்டப் போன இரண்டாம் வருடம் ஒருவர் என் காதில் விழும்படி "இதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது" என்றார். டீ ஊற்றிய பாட்டி "அதற்கு நீ ஒரு நாளாவது வந்திருக்க வேண்டும்" என்று திருப்பிச் சொன்னார். அந்த மனிதர் இன்றும் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

2020-இல் கிணற்று அலங்காரம் நடக்கவில்லை. ஏப்ரலில் என் கணவருக்குக் கொரோனா வந்து இரண்டு பேரும் வீட்டுக்குள் அடைந்தோம். வாரம் இரண்டு முறை வாசற்படியில் ரொட்டி, பால், உருளைக்கிழங்கு வந்துவிடும். சாமானை வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று கையசைப்பார்கள். இங்கிருந்து அரை மணி தூரத்தில் ஈம் (Eyam) என்ற ஊர். 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு அங்கே பிளேக் வந்ததாகச் சொல்வார்கள். நோய் வெளியே பரவக்கூடாது என்று பாதிரியார் மோம்பெசன் சொல்ல, ஊரே தன் எல்லைக்குள் அடைந்து கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே சாப்பாடு வைப்பார்கள், அதற்கான காசை ஈம் ஊர்க்காரர்கள் கல்லின் குழியில் வினிகர் ஊற்றிப் போட்டு வைப்பார்கள். அந்தக் கல்லை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் வாசற்படியில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்தபோது அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. நர்ஸாக இருந்து எத்தனையோ பார்த்தவள், அன்று உட்கார்ந்து அழுதேன். உருளைக்கிழங்கு கொண்டு வந்தது காலி டப்பா தந்த அதே பக்கத்து வீட்டு அம்மாவின் மகன்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். உங்கள் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஊகிக்கிறேன். நான் வந்தபோது ஒரு நாளைக்கு ஆறு பஸ். இப்போது மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. கடைசி பஸ் மாலை ஆறேகாலுக்கு, என் ஷிப்ட் முடிவது எட்டு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரம் நின்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு, டாக்சிக்கு இருபத்திரண்டு பவுண்டு கொடுத்து வீடு வந்த நாட்கள் எத்தனை! கிராமத்தில் காற்று நன்றாக இருக்கிறது என்று நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் காரில் வருகிறார்கள். கார் இல்லாத கிழவிகள் மருந்து வாங்க எப்படிப் போவார்கள் என்று அட்டவணையை வெட்டுகிறவர்கள் யாராவது ஒரு நாள் யோசித்தார்களா? பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து பேசிவிட்டேன். உங்கள் மனைவியிடம் இந்திய லைசென்ஸ் இருந்தால், இங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் அது செல்லும். அந்தக் கெடு முடிந்திருந்தால் இங்கத்திய டெஸ்டுக்கு இன்றே பதிவு செய்யுங்கள். தேதி கிடைக்க மாதக்கணக்காகும்.

பாரிஷ் கவுன்சில் என்பது 1894 சட்டத்தில் வந்த ஊர்சபை. புல் வெட்டுவது, பெஞ்சு, நிழற்குடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்கள் கவுன்சில் டாக்ஸில் ஒரு சின்னப் பங்கு அவர்களுக்குத்தான் போகிறது. கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், போங்கள். எங்கள் ஊரின் சிவப்பு டெலிபோன் பெட்டியை அவர்கள்தான் ஒரு பவுண்டுக்கு வாங்கினார்கள். 2008-இல் பிடி (BT) என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய திட்டம் அது. இப்போது அதற்குள் இதயத்துக்கு மின்அதிர்வு கொடுக்கும் கருவி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அதைப் பயன்படுத்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தருகிறேன். ஆகஸ்டில் காய்கறிக் கண்காட்சி வரும். மூன்று வெங்காயம் வைத்தால் மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். விக்டோரியா கேக்கில் ராஸ்பெரி ஜாம் மட்டும், கிரீம் தடவினால் கழித்துவிடுவார்கள். சட்னிக்கும் போட்டி உண்டு, ஆனால் இங்கே சட்னி என்பது வினிகரும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி மாதக்கணக்கில் ஜாடியில் ஊறவிட்டது. முதல் வருடம் எதிலும் கலந்துகொள்ளாவிட்டாலும் மேசை தூக்கப் போங்கள். முடிந்ததும் நாற்காலி அடுக்க இருந்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில்தான் பேசுவார்கள்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது என்கிறீர்கள். களிமண் மிதிக்கச் சரியான வயது. பழைய கால்சட்டை போட்டு அனுப்புங்கள், கறை போகாது.

நீங்கள் போகிற ஊரில் கிணற்று அலங்காரம் இல்லாவிட்டால், ஜூனில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கள் ஊர் எது என்று சொல்கிறேன். உங்கள் மனைவியை அழைத்து வாருங்கள். கத்தரிக்கோல் கொண்டு வர வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது.