நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோள் போதும்

உங்கள் நாலு வயது மகள் கோள்கள் புத்தகத்தை இரண்டு பக்கத்திலேயே மூடிவிடுகிறாள், அதிலும் ஒன்பது கோள் என்று போட்டிருக்கிறது என எழுதியிருந்தீர்கள்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தகவல் புத்தகத்தை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். அவளே ஒரு படத்தைத் தொடட்டும். அன்றைக்கு அந்தக் கோள் மட்டும். பெரும்பாலும் சனியின் வளையத்தில்தான் விரல் போகும். "இது தட்டு இல்லை, பனிக்கட்டியும் கல்லும் கூட்டமாகச் சுற்றுது" என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி தானாக வரும்.

பல புத்தகங்களில் கோள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒட்டி ஒட்டி நிற்கும். அந்தப் பக்கம் வரும்போது ஒரு கோலிக்குண்டையும் கால்பந்தையும் பக்கத்தில் வையுங்கள்: பூமி, வியாழன். குறுக்களவில் சுமார் 11 மடங்கு. என் மகன் கோலிக்குண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுலயா நாம இருக்கோம்?" என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம், அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். 2006-ல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகை மாற்றியதால் இப்போது எட்டுதான். அந்த இடத்தில் ஒரு சீட்டை ஒட்டி, அவளையே 8 என்று எழுதச் சொல்லுங்கள்.