அல்காரிதத்தின் மேல் பழி போடலாமா?

கேள்வி: பொறியியல் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே யூடியூபில் கேமிங் சேனல் நடத்துகிறேன். ஒரு விளையாட்டை முழுமையாக ஆடி, அதன் நுணுக்கங்களைத் தமிழில் விளக்கி, நாள்கணக்கில் எடிட்டிங் செய்து போடும் வீடியோவைச் சில நூறு பேர்தான் பார்க்கிறார்கள். வேறொருவரின் நேரலையிலிருந்து துண்டுகளை வெட்டி, வாய்பிளந்த முகத்தைத் தம்ப்நெயிலில் (வீடியோவின் முகப்புப் படத்தில்) வைத்து, 'கடைசியில் நடந்த பயங்கரம்' என்று தலைப்பிட்டுச் சில வீடியோக்கள் போட்டேன். அவை லட்சத்தைத் தாண்டின. 'அல்காரிதம் கேட்பதைக் கொடுக்கிறோம், பார்ப்பவர்களும் விரும்பித்தானே பார்க்கிறார்கள், இதில் என்ன தப்பு?' என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: தப்புதான். உங்கள் நண்பர்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்கக்கூடியவை அல்ல.

யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்குப் பொறிதான் அல்காரிதம். அது எதையும் கேட்பதில்லை. மனிதர்கள் எதைத் தொட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எப்போது விலகினார்கள் என்பதை அளந்து, அடுத்தவர் என்ன செய்யக்கூடும் என்று அது கணிக்கிறது, அவ்வளவே. ஒரு காலத்தில் யூடியூபில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்கே முதன்மை இருந்தது. பொய்த் தலைப்புகள் பெருகியதால், 2012இல் பார்வை நேரத்துக்கு முதலிடம் தரப்பட்டது. உடனே, இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கும் வழக்கம் வந்தது. வீடியோவின் நடுவே விளம்பரம் வைப்பதற்கான குறைந்தபட்ச நீளம் 2020 ஜூலையில் பத்து நிமிடத்திலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டபோது, எட்டு நிமிடத்தைச் சில நொடிகள் மட்டுமே தாண்டும் வீடியோக்கள் பெருகின. இவை ஒவ்வொன்றையும் செய்தவர்கள் மனிதர்கள். ஒவ்வொரு முறையும் ஏமாந்தவர்களும் மனிதர்களே. நடுவில் இருக்கும் கணக்குப் பொறியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, செய்தவர் கைகழுவிக்கொள்ள முடியாது.

'விரும்பித்தானே பார்க்கிறார்கள்' என்ற வாதம் இன்னும் பலவீனமானது. பயங்கரம் நடக்கப்போகிறது என்று நம்பிக் கடைசிவரை காத்திருந்து, எதுவும் நடக்காமல் ஏமாந்தவரின் எட்டு நிமிடமும், ரசித்துப் பார்த்தவரின் எட்டு நிமிடமும் பார்வை நேரக் கணக்கில் ஒரே எட்டு நிமிடம்தான். பொய்யான தகவலை நம்பி ஒருவர் செய்த தேர்வை அவருடைய விருப்பம் என்று சொல்வது நியாயமாகாது. இத்தகைய கேமிங் வீடியோக்களைப் பார்ப்பவர்களில் சிறுவர்களும் பலர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கருங்கலிலோ குளச்சலிலோ பள்ளி விட்டு வந்து அம்மாவின் கைபேசியை வாங்கிக்கொண்டு உட்காரும் பத்து வயதுப் பிள்ளைக்கு, தம்ப்நெயில் பொய் சொல்லும் என்று சந்தேகிக்கும் வயது இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் மாலைநேரத்தை எடுத்துக்கொள்கிறவர், அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற வரம்பு 2018 முதல் இருக்கிறது. முந்நூறு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பார்த்தால் ஒரு வீடியோவுக்குக் கிடைப்பது 25 மணி நேரம். அந்தக் கணக்கில் ஓராண்டுக்குள் 160 வீடியோக்கள் போட வேண்டும். படித்த பிள்ளைகள் வேலைக்காகப் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போவதே வழக்கமாகிவிட்ட இந்தக் குமரி மாவட்டத்தில், வீட்டிலிருந்தே பிழைக்க ஒரு வழி தேடுகிறவரை யாரும் இகழக் கூடாது. ஆனால் நீங்கள் வெட்டி எடுத்த நேரலையும் உங்களைப் போன்ற ஒருவரின் உழைப்புதானே?

அல்காரிதத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களைக் கேளுங்கள். ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து துளிர்விடும் தை, மாசி மாதங்களில், இலைக்காம்பில் சுரக்கும் தேனைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்கும். வரத்து இல்லாத மழை மாதங்களில் தேனீக்கள் செத்துப்போகாமலிருக்கச் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். அது தொழில் முறை. தேன் எடுக்கும் பருவத்திலும் கரைசலையே வைத்து, அதைத் தேன் என்று புட்டியில் அடைத்து விற்றால் அது மோசடி. பார்வையாளர் இணையத்துக்கு வரும் நேரமறிந்து வீடியோ போடுவதும், முதல் அரை நிமிடத்தில் விஷயத்துக்கு வருவதும், தேடுபவர் கண்ணில் படும்படி தலைப்பு வைப்பதும் முதல் வகை. உள்ளே இல்லாத ஒன்றை வெளியே எழுதி வைப்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் இடையே மயங்குவதற்கு எதுவும் இல்லை.

பிறர் வீடியோவை வெட்டி, சொந்தமாகக் குறிப்பிடத்தக்க எதையும் சேர்க்காமல் போடுபவற்றுக்கு வருமானம் கிடையாது என்பது யூடியூபின் விதி. ஒரே அச்சில் வார்த்துக் குவிக்கப்படும் வீடியோக்கள் பற்றிய விதியையும் 2025 ஜூலையில் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். என் வாதத்தை நான் இந்த விதிகளின் மேல் கட்டவில்லை. நாளைக்கே அவை தளர்த்தப்பட்டாலும் என் பதில் இதேதான்.

நீங்கள் படித்த படிப்பு இதற்குக் கைகொடுக்கும். கட்டங்களை அடுக்கி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டில், மின்கம்பிபோல் பயன்படும் ரெட்ஸ்டோன் தூளின் வழியே செல்லும் சமிக்ஞை பதினைந்து கட்டங்களுக்குமேல் ஏன் போவதில்லை, ஒரு ரெட்ஸ்டோன் டார்ச் எப்படி 'நாட் கேட்' ஆக (உள்ளே வரும் சமிக்ஞையைத் தலைகீழாக்கித் தரும் சுற்றாக) வேலை செய்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் ஆடிக்காட்டியே சொல்ல உங்களால் முடியும். அத்தகைய வீடியோ ஒரே இரவில் லட்சத்தைத் தொடாது. ஆனால் அந்தச் சந்தேகம் எழும் ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டும் அதைத் தேடி வர வாய்ப்புண்டு. வாய்பிளந்த முகத்தை யாரும் இரண்டாம் முறை தேடி வருவதில்லை.

ஏற்கெனவே போட்டவற்றை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த நேரலைகளுக்கு உரியவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். மறுத்தால் வீடியோக்களை நீக்குங்கள். சம்மதித்தால் அவருடைய சேனலின் இணைப்பை விளக்கக் குறிப்பின் முதல் வரியில் கொடுங்கள். ஏற்றிய பிறகும் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்ற வசதி இருக்கிறது. பயங்கரம் எதுவும் நடக்காத வீடியோக்களின் தலைப்பை இன்றே மாற்றிவிடுங்கள்.