டீச்சரைக் கேளுங்கள்: மூன்றாம் காதையில் தூங்கிப் போனேன்

கேள்வி: டீச்சர், கண்டியில் சிலப்பதிகாரம் உரையோடு வாங்கினேன். இரண்டு மாதமாகியும் மூன்றாம் காதையைத் தாண்ட முடியவில்லை. பத்து வரி வாசித்தால் கண் சொக்குகிறது. இத்தனைக்கும் உயர்தரத்தில் தமிழ் எடுத்தவள். மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்து இதை விரித்தால் அம்மா சிரிக்கிறார். இதெல்லாம் கம்பஸ் போனவர்களுக்கு மட்டும்தானா?
– வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: மகள், நீங்கள் மாட்டிக்கொண்டது நானும் மாட்டிக்கொண்ட இடம். மூன்றாவது அரங்கேற்று காதை. மாதவி ஆடப்போகிறாள் என்று ஆசையாய் உட்கார்ந்தால், இளங்கோ அடிகள் ஆடலாசிரியன் எப்படி, யாழாசிரியன் எப்படி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு வேறு. மாணவியாக இருந்தபோது நான் இந்தப் பக்கங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனேன்.

நான் படிப்பித்த தோட்டப் பாடசாலையில் ஒரு வாணி விழாவுக்கு மேசைகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டோம். நடுவில் ஒரு மேசை ஆடி, பிள்ளைகள் காலைத் தேடித் தேடி வைத்து ஆடினார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்த அளவு வரிகளை எடுத்து வாசித்தேன். ஒரு சொல்லும் அலுப்பாக இல்லை. பரீட்சைக்குப் படித்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து!

அதற்காக நீங்களும் மேடை கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். சிலம்பில் 30 காதைகள் இருக்கின்றன. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 24-ஆவது, குன்றக்குரவை. நேரே அங்கே போங்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி மலையில் ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். குறவர்கள் யாரென்று கேட்கிறார்கள். மதுரையும் அரசும் கெட்ட நேரத்தில் கணவனை இழந்து வந்த தீவினைக்காரி நான் என்று சுருக்கமாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். சிலம்பு, வழக்கு எதையும் அவள் அவர்களிடம் விவரிக்கவில்லை. அவர்கள் கண்முன்னே அவள் கணவனோடு வானேறிப் போகிறாள். அவர்களும் அவளைத் தெய்வமாக்கிப் பறை கொட்டிக் குரவை ஆடுகிறார்கள். கண்ணகியை முதலில் கும்பிட்டது மலைக்காரர்கள்தான், கவனியுங்கள். (கண்டி எசல பெரஹராவில் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று பத்தினி தேவாலயம். அந்தப் பத்தினி யார் என்று அடுத்த முறை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு நிற்கும்.)

அதன்பின் 20-ஆவது, வழக்குரை காதை. அதற்கு நான் சிபாரிசு செய்யத் தேவையில்லை.

எப்படி வாசிப்பது? எங்கள் தோட்டங்களில் ஆடும் காமன்கூத்துப் பார்த்தது போல. மாசி மாதம் கம்பம் ஊன்றினால், காமனை எரிக்கும் இரவு வரை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வேறு பேச்சே இருக்காது. ஏழு வயதில் கம்பளிக்குள் சுருண்டு, அப்பாயி மடியில் கிடந்து பார்த்தேன். பாட்டில் பாதி விளங்காது. தூங்குவேன், தப்பு மேளச் சத்தத்தில் எழும்புவேன், யார் இந்த ஆள் என்று கேட்பேன். “யமன்டி, பேசாம பாரு” என்பார் அப்பாயி. அதுதான் எனக்குக் கிடைத்த உரை. அடுத்த மாசியிலும் அதே கூத்து, அதே பாட்டு. ரதி வேஷம் கட்டுகிறவர் எங்கள் லயத்து மாமாதான், அது எல்லோருக்கும் தெரியும். காமன் எரிந்ததும் அவர் ஒப்பாரி வைக்கும்போது ஒரு இடத்தில் குரலை விழுங்கிவிட்டு எடுப்பார். அதை நான் கண்டுபிடித்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். விளங்கவில்லை என்று இடையில் எழுந்து வீட்டுக்குப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே, தூக்கம் வந்தால் தூங்குங்கள். மறுநாள் அதே பத்து வரியை வாய்விட்டு வாசியுங்கள். உரையை அப்புறம் பார்க்கலாம். சொல்லுக்குச் சொல் அகராதி புரட்டினால் எரிச்சல்தான் வரும். முடிந்தால் அம்மாவுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். கூத்தைத் தனியாக இருந்து யார் பார்த்தார்கள்?

இவ்வளவு சொல்கிற எனக்கும் சேர அரசன் செங்குட்டுவன் கண்ணகி சிலைக்குக் கல்லெடுக்க வடக்கே போகும் பகுதி இன்றுவரை நீளமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்! என் ஐந்து வயதுப் பேத்தியும் இப்படித்தான் வரைகிறாள். இதில் என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், கம்பளை

பதில்: உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஐயா அவர், 1901-இல் கண்டியில் பிறந்தவர். முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் ஒன்றாகக் காட்டும் வித்தையை பிக்காசோவின் கியூபிச ஓவியங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் வரையும் பெண்களின் கண்ணும் இடுப்பும் கோயில் சிற்பத்தில் பார்த்தவை. கொழும்புக்குப் போனால் பொரளை கோதமி விகாரைக்குள் ஒரு எட்டு நுழைந்து பாருங்கள். புத்தர் வரலாற்றைச் சுவரில் வரைந்திருக்கிறார். கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரலைக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். பேத்தியையும் கூட்டிப் போங்கள். அவளுக்கு உங்களைவிட முதலில் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.