கரையில் முட்டையிட வரும் கடலாமையைக் காக்கப் போகிறவர்கள் கேட்டவை

உயிரியல் படித்ததில்லை, நீச்சலும் தெரியாது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாக. இரவில் மணலில் சில கிலோமீட்டர் நடக்க முடிந்தால் போதும், தண்ணீரில் இறங்கும் வேலையே இல்லை. ஆனால் அனுமதி உள்ள குழுவோடுதான் போக வேண்டும். தனியாகப் போய் ஆமையையோ முட்டையையோ தொடுவது பல நாடுகளில் குற்றம்.

அண்ணா, டார்ச் கொண்டு வரலாமா?

வேண்டாம். கரையேறும் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குழுவை நடத்துகிறவரிடம் சிவப்பு விளக்கு இருக்கும், அது ஆமையின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. கொஞ்ச நேரம் இருட்டில் நின்றால் நம் கண்ணும் பழகிவிடும். போன் பையிலேயே இருக்கட்டும். படம் எடுக்கவே வருகிறவர்களை நான் மறுபடி அழைப்பதில்லை.

தடத்தை வைத்து என்ன ஆமை என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். சிற்றாமையும் அழுங்காமையும் துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு நடக்கும், அதனால் இடது, வலது அடையாளங்கள் முன்பின்னாக விழும். பச்சை ஆமை இரண்டு முன்துடுப்பையும் ஒன்றாக ஊன்றி உடலை இழுக்கும், அடையாளங்கள் நேருக்கு நேர் ஜோடியாக இருக்கும். ஏறிய தடம், இறங்கிய தடம் என்று இரண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவே கிளறிப்போட்ட ஈரமணல் தெரிந்தால் முட்டை இருக்க வாய்ப்புண்டு. கிளறலே இல்லையென்றால் சும்மா ஏறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். குச்சியால் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம், முட்டை உடையும்.

முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதுதானே பாதுகாப்பு?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இட்ட இடம் பத்திரமாக இருந்தால் அங்கேயே விடுவதுதான் முதல் தேர்வு. அலை தொடும் இடம், நாய்த் தொல்லை, திருட்டு என்றால்தான் மாற்ற வேண்டும். அதையும் இட்ட சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். கரு முட்டையின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, வைக்கும்போதும் அதே பக்கம்தான் மேலே.

குழியும் தாய் தோண்டியதைப் போலவே, குடம் மாதிரி, கழுத்து குறுகி அடி அகன்று இருக்க வேண்டும். சிற்றாமைக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். அப்புறம் சூடு. மணல் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும், அதற்கு மேல் போகப் போகப் பெண் கூடும், குறையக் குறைய ஆண் கூடும். வெட்டவெளியில் பொரிப்பகம் போட்டு நிழல் தராமல் விட்டால் வருவதெல்லாம் பெண்ணாகிவிடலாம். சூடு இன்னும் ஏறினால் கரு வெந்தே போகும்.

குஞ்சுகளைத் தூக்கிக் கடலில் விட்டால் என்ன?

நடக்க விடுங்கள். கரைக்கு விளக்குப் போடாமல், வழியில் இருக்கும் பள்ளங்களை மூடிக் கொடுங்கள், அது போதும். பார்வையாளர்கள் வரட்டும் என்று தொட்டியில் மாலைவரை வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் நாள் நீந்தி ஆழ்கடலுக்குப் போவதற்கான தெம்பு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. தொட்டிக்குள் சுற்றிச் சுற்றியே அது தீர்ந்துவிடும்.

முட்டையிடும்போது அழுகிறதே, வலிக்குமா?

உடலில் மிஞ்சிய உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

இத்தனை இரவு நடந்தும் ஓர் ஆமைகூடக் கண்ணில் படவில்லை. வருவதில் பயனுண்டா?

உண்டு. நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே பூஜ்யம் எழுதுங்கள். யாரும் நடக்காத இரவும், நடந்தும் ஆமை வராத இரவும் கணக்கில் ஒன்றாகிவிடக் கூடாது. செத்து ஒதுங்கியதையும் எழுதுங்கள்: எந்த இடம், ஓட்டின் நீளம் எவ்வளவு, காயம் உண்டா என்று. காயமே இல்லாமல் கிடப்பது பல நேரம் இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கியதாக இருக்கும். எழுதி முடித்ததும் ஓட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறவர் அதையே இன்னொரு தடவை எண்ணிவிடுவார்.